இடதுபக்கப் பெடல்

ஜன்னலைச் சாத்தாதீங்க அம்மணி. குளிருதுன்னா இந்தத் துண்டை எடுத்துப் போத்திக்கோங்க, ஜன்னல் மட்டும் தொறந்தே இருக்கட்டும். நான் ரோட்டைப் பாத்துட்டே வரோணும். அந்தா, முன்னால ஒரு வெள்ளைக் கார் போகுதே, தலைமேல போர்டு வெச்சுட்டு? 'பாக்கியம் லேடீஸ் டிரைவிங் ஸ்கூல், கோபி'. அந்தப் பாக்கியம் நாந்தான். தனபாக்கியம். அது என் கார். ஓட்டிட்டுப் போறது எம்மக நிரஞ்சனா. கார்க்காரி நான், டிக்கெட் எடுத்துட்டு பஸ்ல பின்னாடியே போயிட்டிருக்கறேன்.

சிரிக்கோணும்னா சிரிச்சுக்கோங்க. தாளவாடி பஸ் ஸ்டாண்டுல இந்தக் கண்டக்டர் தம்பியே சிரிச்சுட்டான். "என்னங்க்கா, ஊருக்கெல்லாம் கார் ஓட்டச் சொல்லிக் குடுக்கறீங்க, நீங்க பஸ்ஸுக்கு வந்துட்டீங்க"ங்கறான். அவங்க அக்கா எங்கிட்டத்தான் கார் ஓட்டப் பழகுனா. மூஞ்சியக் கொண்டுபோய் எங்க வெச்சுக்கறது, சொல்லுங்க.

விஷயம் இதுதான். அந்த வண்டில பிரேக் சரியில்ல. ஆடி மாசம் சக்கரத்துக்குப் புது டிஸ்க், அதைக் கவ்விப் புடிக்கற புது பேடு எல்லாம் மாட்டுனது. மாட்டுன நாளா இதே ரோதனை. அந்த வண்டிய எடுத்துட்டு எம்புள்ள இந்தத் திம்பம் எறக்கத்துல ஒத்தையா எறங்கப் போறா. இருபத்தேழு வளைவு, அத்தனையும் கொண்டை ஊசி. அவ கீழ பண்ணாரி போய்ச் சேர்ற வரைக்கும் எனக்கு உசுரு எங்கிட்ட இருக்காது.

அப்பறம் ஏன் விட்டீங்கன்னு கேப்பீங்க. நான் எங்க விட்டேன்? வெள்ளிக்கிழமை கோவத்துல ஒரு வார்த்தை சொல்லிட்டேன். "இந்த மலைய நீயா ஓட்டி, வண்டில ஒரு கீறல் இல்லாம எறங்கிக் காட்டு. அப்பறம் நீ எந்தக் காட்டுல வேணா இருந்து வேலை பாரு, நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன். முடியலைன்னா கீழ டிரான்ஸ்ஃபர் வேணும்னு எழுதிக் குடு"ன்னேன். அவ மாட்டு டாக்டரு, வெட்னரி. மொத போஸ்டிங்கே தாளவாடிக்கு அந்தப் பக்கம், ஆனை நடமாடற எடத்துல போட்டுட்டாங்க. வெள்ளிக்கிழமைதான் போய் ஜாயின் பண்ணுனா. நாஞ்சொன்னதுக்கு அவ கொஞ்சங்கூட யோசிக்கல. "சரிம்மா, எறங்கறேன். ஆனா நீ வண்டில இருக்கக்கூடாது. நீ பஸ்ல வா"ன்னுட்டா. பெத்தவளைப் பாத்துப் பேசற பேச்சா அம்மணி இது?

ஐயோ, காலை மிதிச்சுட்டனா? மன்னிச்சுக்கோங்க. இந்த டிரைவரு பிரேக்கை லேட்டாப் புடிக்கறாரு. மாடு குறுக்க வர்றது அங்கிருந்தே தெரியுதில்ல? நானா இருந்தா எப்பவோ புடிச்சிருப்பேன். என் காலு அதுபாட்டுக்குப் போயிருச்சு.

நடந்ததைச் சொல்றேன், கேளுங்க. எனக்கு ஒரு தம்பி இருக்கறான், சண்முகசுந்தரம். சத்தி ரோட்ல பட்டறை வெச்சிருக்கறான். வாயின்னா வாயி, அப்படி ஒரு வாயி. ஒரு நட்டைக் கழட்டறதுக்குள்ள ஊர்க்கதை பூரா பேசி முடிச்சிருவான். கூடப் பொறந்தவனாச்சேன்னு என் வண்டி எப்பவும் அவங்கிட்டத்தான் போகும். ஆடியில அவந்தான் சொன்னான், டிஸ்க் தேஞ்சு போச்சுக்கா, மாத்திரலாம்னு. மாத்துனான். மாத்திட்டு ஒரு உபதேசம் வேற. "அக்கா, டிஸ்க்கும் புதுசு, பேடும் புதுசு. ஒண்ணோட ஒண்ணு சேந்து பழகோணும். கொஞ்ச நாளைக்கு மெதுவா, விட்டு விட்டுப் புடி. அமுத்தி வெச்சுட்டே இருக்காதே"ன்னான்.

"பிரேக்கைப் புடிக்காம வண்டிய எப்படிறா நிறுத்தறது, செருப்பைத் தேச்சா?"ன்னு கேட்டேன். சிரிச்சுட்டு உள்ள போயிட்டான்.

ஒரு வாரங்கூட ஆகல அம்மணி. பிரேக் விழுந்தா ஸ்டியரிங் வெடவெடன்னு உதறுது, குளிர்காய்ச்சல் வந்தவன் கை மாதிரி. வண்டி இடதுபக்கமா இழுக்குது. நேரா நிக்க வேண்டியது ரோட்டோரமாப் போயி நிக்குது. எறங்கிப் பாத்தா சக்கரத்துக்கிட்ட கையக் கொண்டுபோக முடியல, அனலா அடிக்குது. கருகல் வாசம் வேற. பழக வர்ற புள்ளைங்க முந்தானையால மூக்கைப் பொத்திக்கறாளுக. என் ஸ்கூலுக்கு இது மரியாதையா?

நேராப் பட்டறைக்குக் கொண்டு போனேன். அவன் சக்கரத்தைத் தொட்டுப் பாத்துட்டு, "ஆறட்டும்க்கா"ன்னு சொல்லி டீ வாங்கிக் குடுத்தான். டீயக் குடிச்சு, அவங்கூட ரெண்டு பேச்சுப் பேசி, அப்பறம் என்னை அங்கயே உக்காரச் சொல்லிட்டுத் தனியா வண்டிய எடுத்துட்டுப் போனான். திரும்பி வந்து என்ன சொல்றான்னு நெனைக்கறீங்க? "அக்கா, லேசாத்தான் உதறுது. நல்லா நிக்குது"ங்கறான். நானும் புள்ளைங்களும் ஏறுனா அந்த உதறு உதறுது. இவன் ஏறுனா லேசா உதறுதாம். வண்டிக்கு ஆளை அடையாளம் தெரியுமா அம்மணி? பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேண்டாமா?

சரி, கூடப் பொறந்தவனே இப்படின்னா வேற எடம் பாப்போம்னு போனேன். ஒருத்தன் வீல் அலைன்மென்ட்டுன்னான், பண்ணுனேன். இன்னொருத்தன் பேலன்ஸிங்குன்னான், அதையும் பண்ணுனேன். டயரை முன்னுக்குப் பின்ன மாத்திப் போடுங்கன்னான் ஒருத்தன். அதுவும் ஆச்சு. ஒவ்வொருத்தனும் சரி பண்ணித் தர்றப்ப நல்லாத்தான் இருக்கும். ரெண்டு நாள் பழகக் கூட்டிட்டுப் போனா மறுபடியும் பழையபடி உதறல். ஏமாத்துக்காரனுங்க.

கடைசில ஈரோட்டுல ஒரு பெரிய சர்வீஸ் சென்டருக்குப் போனேன். ஏசி ரூம், சோபா, கண்ணாடிக் கதவு. சட்டையில பேரெல்லாம் குத்திட்டு ஒரு பையன் வந்தான். வண்டியத் தூக்கி வெச்சு, சக்கரத்தைக் கழட்டி, பேடைக் கையில எடுத்துட்டு வந்து காட்டுனான். கண்ணாடி மாதிரி மினுமினுன்னு இருக்குது. டிஸ்க்குல நீலம் நீலமா பூத்துக் கெடக்குது. "ரொம்ப சூடாயிருக்குது மேடம். பிரேக் விடாம ஒரசிட்டே இருந்திருக்குது"ங்கறான். எனக்கு வந்துது பாருங்க கோவம். "அதத்தான தம்பி நானும் சொல்றேன்! ஒரசுது, சூடாகுது, உதறுது. எதனால ஒரசுதுன்னு கண்டுபுடிக்கத்தான உங்கிட்ட வந்தேன்!"

அதுக்கு அவன், "மேடம், இடதுபக்கம் இன்னொரு பிரேக் பெடல் இருக்குதே, அது யாருக்கு?"ன்னு கேட்டான்.

நீங்க டிரைவிங் ஸ்கூல் வண்டில ஏறியிருக்கறீங்களா? இல்லையா. ஓட்டறவளுக்கு அந்தப் பக்கம் பெடல் இருக்கற மாதிரி, சொல்லிக் குடுக்கறவளுக்கு இந்தப் பக்கமும் இருக்கும். ரெண்டுக்கும் நடுவுல ஒரு ராடு. நான் இங்க மிதிச்சா அங்க புடிக்கும். இது தெரியாம ஒருத்தன் மெக்கானிக்குன்னு சட்டையில பேரைக் குத்திட்டுத் திரியறான்.

"எனக்குத்தான். வேற யாரு, உங்க மொதலாளிக்கா?"ன்னேன்.

"எப்பெல்லாம் காலை வெப்பீங்க மேடம்?"

"எப்பெல்லாம்னா? ஏறுனா எறங்கற வரைக்கும் என் காலு அதுமேலதான் இருக்கும். அதுக்குத்தான அந்தப் பெடலு?"

அவன் பக்கத்துல நின்ன இன்னொருத்தனைப் பாத்தான். ரெண்டு பேரும் ஒரு மாதிரி மூஞ்சிய வெச்சுக்கிட்டானுங்க. பொம்பளை வண்டியப் பத்திப் பேசுனா இவனுங்களுக்கு எப்பவும் எளக்காரம். வேற பேடு போட்டு, டிஸ்க்கைச் சீவிக் குடுத்தானுங்க.

அதுக்கப்பறந்தான் பெரிய வேடிக்கை. வந்த அன்னிக்கே எனக்குக் காய்ச்சல். படுத்துட்டேன். வண்டி நிரஞ்சி கையில, அப்ப அவளுக்கு லைசென்ஸ் வந்திருந்துச்சு. அவ கடைக்குப் போறா, அவங்கப்பாவை உரக்கடையில விட்டுட்டு வர்றா, கோபியச் சுத்து சுத்துன்னு சுத்தறா. ஒரு உதறல் இல்ல, ஒரு வாசம் இல்லையாம். "சூப்பரா இருக்குதும்மா"ங்கறா. நான் எந்திரிச்சு, தலைக்கு ஊத்திட்டு, ஒரு புள்ளையப் பழகக் கூட்டிட்டுப் போறேன், அன்னிக்கே மறுபடியும் வெடவெடவெட. இதுக்கு என்ன அர்த்தம்? நான் படுத்திருந்தப்ப எவனோ வண்டில கை வெச்சிருக்கறான். வேற என்னவா இருக்க முடியும்?

நீங்க ஏன் அப்படிப் பாக்கறீங்க?

என் காலைப் பத்தித் தெரியுமா உங்களுக்கு? இத்தனை வருசத்துல என் வண்டி ஒரு கோழியக்கூட இடிச்சதில்ல. பழகற புள்ளைக்கு எதிர்ல வர்ற சைக்கிள் கண்ணுல படறதுக்கு முன்னாடி நான் புடிச்சிருப்பேன். திரும்பறதுக்கு முன்னாடி புடிச்சிருப்பேன். அவளுக ஸ்டியரிங்கைப் புடிச்சுட்டு நிம்மதியா உக்காந்திருக்கலாம். எங்கிட்டப் பழகுனவளுக யாராவது பயந்தேன்னு சொல்லச் சொல்லுங்க பாப்போம்.

ஆனா இந்தப் பிரேக் கெட்டதுல இருந்து என் பேரும் கெட்டுப்போச்சு. டெஸ்ட்டுல வரிசையா ஃபெயிலு. இப்ப புதுசா ஒரு இன்ஸ்பெக்டரு வந்திருக்கறாரு, என்னை எறங்கச் சொல்லிட்டு அவரு அந்த சீட்டுல ஏறிக்கறாரு. காலை மடக்கி வெச்சுட்டு உக்காந்திருவாரு. தையக்கடை வசந்தா போனா, நேரா மண்மேட்டுல கொண்டுபோய் ஏத்திட்டா. "ஏம்மா பிரேக் புடிக்கல?"ன்னு அவரு கேக்க, "எங்க வண்டி தானா நின்னுக்கும் சார்"ன்னு சொல்லியிருக்கறா! நல்லா நின்ன வண்டிய இப்படி ஆக்கி வெச்சுட்டானேன்னு நான் தம்பியத் திட்டுன திட்டு கொஞ்சமில்ல.

எம்மகளும் ஃபெயிலானா. ரெண்டு வாட்டி. டிரைவிங் ஸ்கூல்காரி மக ஃபெயிலுன்னு ஊரே பேசுச்சு.

மூணாவது வாட்டி பாஸாயிட்டா. எப்படின்னு கேளுங்க. எனக்குத் தெரியாம விடியக்காலம் எந்திரிச்சு அவங்க மாமன்கிட்டப் போயிருக்கறா. அவங்கிட்ட ஒரு ஓட்டை மாருதி இருக்குது. அதுல ஒரு பக்கந்தான் பெடலு. நான் வாக்கிங் போறாள்னு நெனைச்சுட்டு இருந்தேன்! செருப்பெல்லாம் மாட்டிட்டுப் போனா அம்மணி, வாக்கிங் செருப்பு!

தெரிஞ்ச அன்னிக்கு நேராப் பட்டறைக்குப் போனேன். நாலு பேரு நின்னுட்டிருந்தாங்க, பாக்கலையே நான். "என் வண்டியக் கெடுத்தே, இப்ப என் புள்ளையக் கெடுக்கறயா?"ன்னு கேட்டேன். அவன் கையைக் கழுவிட்டு வந்தான். "அக்கா, நானும் எத்தனை நாளைக்குத்தான் சொல்லாம இருக்கறது? கோளாறு டிஸ்க்குல இல்ல, பேடுல இல்ல. உன் காலுல இருக்குது. வண்டில ஏறுனா நீ காலை எடுக்கவே மாட்டேங்கற. நீ சும்மா வெச்சிருக்கறேன்னு நெனைக்கற, அது அங்க ஒரசிட்டே போகுது. பிரேக்கும் வேகுது. உங்கிட்ட வர்ற புள்ளைங்களும் கடைசி வரைக்கும் பிரேக் புடிக்கப் பழகறதில்ல. நிரஞ்சியும் அப்படித்தான் இருந்தா"ன்னான்.

என் காலுல கோளாறாம். எத்தனை உசுரைக் காப்பாத்துன காலு இது. அவனுக்கு டிஸ்க் மாட்டத் தெரியல, அதை மறைக்க என் காலுமேல பழியப் போடறான். அந்த நாலு பேரும் கேட்டுட்டு நின்னாங்க. அன்னிக்கு வெளிய வந்தவதான், அவங்கிட்ட அதுக்கப்பறம் பேச்சே இல்ல. தீபாவளிக்குச் சீர் எடுத்துட்டு வந்தான், புடவை, பலகாரமெல்லாம் கொண்டுட்டு. நான் கதவைத் தொறக்கல. எங்கூட்டுக்காரரு பொறக்கடைப் பக்கமாப் போயி வாங்கி வெச்சுட்டாரு போல. அந்தப் புடவைய இன்னும் நான் பிரிக்கல.

இருங்க, இருங்க. திம்பம் வந்துருச்சு. இனி எறக்கந்தான். அவ வண்டி தெரியுதுங்களா? லாரிக்கு முன்னால... ஆமா, அந்தா. மொத வளைவுல எறங்கறா. பிரேக் லைட் எரியுது பாருங்க. சீக்கிரம் புடிச்சுட்டா. இவ்வளவு சீக்கிரம் புடிக்கவேண்டியதில்ல... இல்ல, புடிக்கறது நல்லதுதான். எனக்கு ஒண்ணும் ஓடல.

வெள்ளிக்கிழமை இதே மலையிலதான் ஏறுனோம். அவ ஓட்டறா, நான் பக்கத்துல. ஏத்தத்துலயும் பெடல்ல காலு வெச்சிருந்தீங்களான்னு கேக்காதீங்க. பின்ன? ஒவ்வொரு வளைவுலயும் லாரி தலைக்கு மேல வந்து நிக்குது. பாதி மலை ஏறறதுக்குள்ள வண்டி முக்குது, மொனகுது, ஏறமாட்டேங்குது. கருகல் வாசம். ஒரு வளைவுல எடம் இருந்துச்சு, கொரங்குக எல்லாம் உக்காந்திருந்துச்சு. அங்க ஓரங்கட்டி ஹேண்ட்பிரேக்கைப் போட்டு வண்டிய அணைச்சுட்டா.

"அம்மா, காலை எடு"ன்னா.

"எடுக்கமாட்டேன்"னேன்.

"நீ எடுக்காம நான் ஓட்டமாட்டேன்."

"நல்லதாப் போச்சு. ஓட்டாதே. வா, வண்டியத் திருப்பு, வீட்டுக்குப் போலாம். பிரேக் இல்லாத வண்டிய வெச்சுட்டு நீ காட்டுல போய் மாட்டுக்கு ஊசி போடவேண்டாம்"ன்னேன்.

அழுதுட்டா அம்மணி. அஞ்சு வருசம் மாட்டு வைத்தியம் படிச்சவ, கன்னுக்குட்டிய வயித்துக்குள்ள கைய விட்டு எடுக்கறவ, ஸ்டியரிங் மேல தலைய வெச்சுட்டு சின்னப் புள்ளையாட்டம் அழுதா. "எனக்கு இந்த வேலை புடிச்சிருக்குதும்மா. நீ பிரேக்கு பிரேக்குன்னு சொல்லிச் சொல்லியே என்னை வீட்லயே வெச்சிருக்கப் பாக்கற"ன்னா. நான் அதுக்காச் சொன்னேன்? பிரேக் சரியில்லைன்னுதான சொன்னேன்? அப்பத்தான் அந்தப் பந்தயப் பேச்சு வந்துது. எறங்கிக் காட்டு, அப்பறம் நான் பேசல. மிச்ச மலைய அங்கங்க நிறுத்தி, வண்டிய ஆறவெச்சுத்தான் ஏறுனோம்.

நேத்து சனிக்கிழமை என்ன பண்ணுனா தெரியுமா? அவங்க மாமனை வரச் சொல்லிட்டா. அவன் கோபியில இருந்து பைக்கை எடுத்துட்டு, புது பேடைப் பையில போட்டுட்டு, அத்தனை மலையும் ஏறித் தாளவாடி வந்துட்டான். நான் அவளுக்காகப் பாத்து வெச்ச வாடகை வீட்ல உள்ள உக்காந்திருக்கறேன், வெளிய ரெண்டு பேரும் சக்கரத்தைக் கழட்டிட்டு இருக்கறாங்க. டிஸ்க்கைத் தொடைக்கறான், பேடை மாட்டறான், அவளைக் கூப்புட்டு ஒவ்வொண்ணையும் காட்டறான். இங்க பாரு, இது இப்படி இருக்கோணும், எறங்கறப்ப ரெண்டாவது கியர்லயே போ, பிரேக்கை மிதிச்சுட்டே போகாதே, புடி, விடு, புடி, விடு. டீ வெச்சேன். அவனுக்கு நான் கொண்டுபோய்க் குடுக்கல. அவதான் எடுத்துட்டுப் போய்க் குடுத்தா.

எல்லாம் முடிச்சுட்டு வாசப்படியில வந்து நின்னான். கையில தினத்தாள்ல சுத்துன ஒரு சாமான். "அக்கா, இந்தா. உன் பெடலையும் ராடையும் கழட்டிட்டேன். கோபி வந்ததும் ஸ்கூலுக்கு நானே மாட்டித் தர்றேன். நாளைக்கு ஒரு நாள் அவ தனியா எறங்கட்டும்"ன்னான். நான் அவனைப் பாக்கவும் இல்ல, அதை வாங்கவும் இல்ல. அவன் படியில வெச்சுட்டுப் பைக்கை எடுத்துட்டுப் போயிட்டான்.

இந்தா, இந்தக் கட்டைப்பைக்குள்ளதான் இருக்குது. முழங்கால்ல இடிக்குதுங்களா? கீழ வெச்சுக்கறேன். என் பெடல் அம்மணி. என் வண்டில இருந்து எடுத்து, என்னையே சுமக்க வெச்சுட்டாங்க. இதுக்கு மேல ஒரு மனுசிய அவமானப்படுத்த முடியுமா?

என்னாச்சு, பஸ் ஏன் நிக்குது? லாரியா? கீழ திரும்ப முடியாம லாரி மாட்டிருச்சாம். அதெல்லாம் இந்த மலையில சகஜம். அவ எங்க? நிரஞ்சி எங்க? கொஞ்சம் நகருங்க, தலைய வெளிய நீட்டோணும். அந்தா, ரெண்டு வளைவு கீழ. லாரிக்கு அந்தப் பக்கம் போயிட்டாளா? போயிட்டா. தனியாப் போறா. போர்டு மட்டும் தெரியுது.

அம்மணி, அங்க பாருங்க. கீழ இருந்து ஒரு பஸ் ஏறி வருது. கர்நாடகா பஸ். வளைவுல வேகமா ஏறறான், இவ எறங்கறா. ரெண்டு பேரும் ஒரே வளைவுக்கு... புடி. நிரஞ்சி, புடி! புடிடி! அவளுக்குத் தெரியாது, அவளுக்கு பஸ் தெரிஞ்சிருக்காது, இப்ப நான் பக்கத்துல இருந்திருந்தா... புடி!

...

நின்னுட்டா.

பாத்தீங்களா? நின்னுட்டா. ஓரமா, நேரா, ஒரு இழுப்பு இல்லாம நின்னுட்டா. பஸ்ஸு போகட்டும்னு கையக் காட்டறா பாருங்க. அவன் போயிட்டான். அவளும் போறா. லைட் எரிஞ்சுச்சு, அணைஞ்சுச்சு. இப்பத் தெரியல, மரம் மறைச்சிருச்சு.

தண்ணி இருக்குதுங்களா? ஒரு வாய். நீங்களே மூடியத் தொறந்து குடுங்க.

பயந்தான் அம்மணி, இல்லைன்னு சொல்லமாட்டேன். ஒத்தப் புள்ள. பொறந்ததுல இருந்து அவ எங்க விழுவாள்னு முன்னாடியே பாத்துட்டு அந்த எடத்துல நின்னவ நான். அந்தக் காட்டுக்குள்ள அவ ராத்திரி பகல்னு மாட்டுக்குப் போவா, ரோட்ல ஆனை நிக்கும், எவன் எங்க இருந்து வருவான்னு தெரியாது. நான் எந்த சீட்டுல உக்காந்து பாத்துக்கறது? இதை அவகிட்டயும் சொன்னதில்ல, அவங்கப்பாகிட்டயும் சொன்னதில்ல. உங்ககிட்டச் சொல்றேன், நீங்க சத்தியில எறங்கிப் போயிருவீங்க.

லாரி நகந்துருச்சு போல. போறோம். மெதுவாப் போகச் சொல்லுங்க இந்த டிரைவரை.

...போன் அடிக்குது. அவதான். ஹலோ. ஆ, சொல்லு கண்ணு. பண்ணாரியா? கோயிலுக்கு முன்னாடியா, செக்போஸ்ட்டுக்கு முன்னாடியா? சரி. இழுத்துச்சா? உதறுச்சா? வாசம் வந்துச்சா? நெசமாச் சொல்லு. சக்கரத்தைத் தொட்டுப் பாத்தயா? பாரு, எறங்கிப் பாரு, நான் லைன்ல இருக்கறேன்... ம். ம். சரி. எதுக்கு அங்க? முன்னாடி என்ன? ...சரி, சரி. வெய்யி.

பண்ணாரில நிக்கறா. ஒரு இழுப்பு இல்லையாம், ஒரு உதறல் இல்லையாம். சக்கரம் கை வெக்கற சூடுதானாம். "பிரேக் ரொம்ப நல்லா இருக்குதும்மா"ங்கறா. சிரிச்சுட்டே சொல்றா. கீறல் இல்லாம எறங்கிட்டா. சாமி கும்புடோணும், தெரியுது. நல்லபடியா எறங்குனாளேன்னு சந்தோசந்தான், இல்லைங்கல. ஆனா, உதறுச்சும்மான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தாள்னா, அப்பவே கூட்டிட்டு வீட்டுக்குப் போயிருப்பேன். அந்தச் சண்முகசுந்தரம் நல்லாத்தான் மாட்டியிருக்கறான் போல, பாழாப் போறவன். பிரேக் நல்லா இருக்குதுன்னா, இனி நான் எதைச் சொல்லி அவளைப் போகவேண்டாங்கறது, நீங்களே சொல்லுங்க?

கண்டக்டர் தம்பி, எனக்கு பண்ணாரில நிறுத்து. ஆமா, சத்திக்குத்தான் டிக்கெட்டு, பரவால்ல. எம்மக காரோட நிக்கறா.

நகருங்க அம்மணி, எறங்கறேன். முன்சீட்டுல மருந்துப் பெட்டிய வெச்சு பெல்ட் போட்டு வெச்சிருக்கறாளாம். எனக்குப் பின்சீட்டாம். என் காருல, எனக்கு, பின்சீட்டு.